பாலாற்றுக்கு ஒரே பேரேடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘இயற்கையைக் காத்துப் பயன்பெறும் உள்ளூர்க் கூட்டுகள்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வேறு மாவட்டத்தில் என்றால் மரம் நட்டவர்களையும் ஏரி தூர்வாரியவர்களையும் பாராட்டிப் பேசி அமர்ந்துவிடலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் நிலத்தில் அது செல்லாது. இங்கே ஆற்றால் வாழ்ந்தவரும் ஆற்றோடு சேர்ந்து கெட்டவரும் ஒரே கரையில், பல இடங்களில் அடுத்தடுத்த சர்வே எண்களில் இருக்கிறார்கள். இவர்கள் கூடி ஆற்றைக் காப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டு முயற்சிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. குடிமராமத்து இருந்தது; தோல் முதலாளிகளின் கூட்டு நிறுவனங்கள் வந்தன; குடிமக்கள் மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது; விவசாயியும் முதலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்த நாளும் உண்டு; பெண்கள் கூடி ஓர் ஆற்றையே மீட்ட கதையும் உண்டு. இருந்தும் பாலாறு மீளவில்லை. எடுத்த நீர், விட்ட உப்பு, அடைந்த லாபம், பட்ட நட்டம் ஆகிய நான்கையும் எல்லாத் தரப்பும் பார்க்கும்படி ஒரே பேரேட்டில் எழுதும் கூட்டு மட்டும் இன்னும் அமையவில்லை. அந்தப் பேரேடு ஏன் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

1. மணலுக்குள் ஓடும் ஆறு

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலை அடைகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மேலே மணல்தான் தெரியும். நீர் அடியில் நகரும். 1903இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும் 2021 நவம்பரில் பாலங்களை மிரட்டிய வெள்ளமும் இந்த ஆற்றின் அரிய முகங்கள். அன்றாட முகம் என்பது மணலும் அதற்குக் கீழிருக்கும் ஊற்றும்தான்.

இதை அறிந்தே நம் முன்னோர் ஊற்றுக்கால்களை வெட்டினார்கள். ஆற்று மணலில் சாய்வாகக் கால்வாய் எடுத்து, கசிந்து வரும் நீரை இறைக்காமலேயே வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோகும் முறை அது. ஒவ்வொரு வெள்ளமும் கால்வாயைத் தூர்த்துவிடும். மறுபடி வெட்ட வேண்டும். தனியொருவரால் முடிகிற வேலையல்ல. எனவே ஆயக்கட்டுக்காரர் எல்லாரும் ஆள் அனுப்ப வேண்டும், நில அளவுக்கு ஏற்ப உழைப்போ தானியமோ தர வேண்டும், யாருக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை நீர்க்கட்டி கவனிக்க வேண்டும் என்று குடிமராமத்து என்னும் கட்டுப்பாடு உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாலாஜா பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டு வந்தபின் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற பழைய ஏரிகள் அதிலிருந்து நீர் பெற்றன. அங்கும் கால்வாயைப் பேணும் வேலையில் பாதி ஊர்களின் தலையில்தான் இருந்தது.

ஆங்கில ஆட்சி இந்த வழக்கத்தைச் சட்டமாக்கிய விதம் கவனிக்கத்தக்கது. 1858ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்துக்குக் ‘கட்டாய உழைப்புச் சட்டம்’ என்றே பெயர். ஊர் கூடிச் செய்த வேலையை அரசு கட்டாய வேலையாகப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஓர் உண்மையும் இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. கால்வாயில் இறங்கி மண் சுமந்தவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கையில் இருந்தது. நீரைப் பங்கிட்டவருக்கு நீரில் பங்கில்லை. குடிமராமத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் இந்த வரியை விட்டுவிட்டுப் பாடுகிறார்கள்.

ஆனாலும் அந்த முறையில் ஒரு பலம் இருந்தது. கணக்கு கண்முன்னே நடந்தது. யார் ஆள் அனுப்பவில்லை, யார் இரவில் மடையைத் திறந்தார் என்பது விடிந்ததும் ஊருக்குத் தெரிந்தது. பொதுவளங்களை மக்களே ஆளும் முறைகளை உலகெங்கும் ஆராய்ந்து 2009இல் நோபெல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் கூட்டுகளின் அடையாளங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்: கண்காணிப்பவர் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பார். மின்சார மோட்டார் வந்ததும் இந்த ஏற்பாடு தளர்ந்தது. கிணறு வைத்தவருக்கு ஊற்றுக்கால் தேவைப்படவில்லை. அடியில் ஓடும் நீரை யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது.

2. ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

தோல் தொழில் இங்கே காலூன்றியதற்கும் இயற்கைதான் காரணம். பாலாற்று மணலின் தெளிந்த நீர், வறண்ட நிலமெங்கும் வளரும் ஆவாரை, மலைகளிலிருந்து வரும் கடுக்காய், கையெட்டும் தூரத்தில் சுண்ணாம்பு. ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமான தென்னிந்தியத் தோல் சென்னைத் துறைமுகம் வழியே இங்கிலாந்துக்குப் போனது. ஊரின் சாதி ஒழுங்கு ஒதுக்கிவைத்த இந்தத் தொழிலை இஸ்லாமிய வணிகக் குடும்பங்களின் முதலும் ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பும் சேர்ந்து வளர்த்தன. பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அந்த வருமானத்தில் எழுந்தன. பின்னர் ஷூ தொழிற்சாலைகள் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் கிடைத்தது. தோல் பதனிடும் ஆலையை, இங்குள்ள வழக்கில் தோல் ஷாப்பை, வில்லனாக நிறுத்திப் பேசுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திருப்பம் 1970களில் வந்தது. பதப்படுத்திய தோலை அப்படியே அனுப்பாமல் முழுமை பெற்ற தோலாகவும் பொருளாகவும் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணி கூடும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. பொருளாதாரக் கணக்கில் அது சரியான முடிவு. ஆனால் வாரக்கணக்கில் பட்டையில் ஊறிய வேலையை குரோமியம் சில மணி நேரத்தில் முடித்தது. உற்பத்தி பெருகியது, கழிவுநீரும் பெருகியது. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் நீர் வேண்டும் என்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பின்னர் பதிவு செய்தது.

குரோமியத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். விவசாயியைக் கெடுத்ததில் அதைவிடப் பெரிய பங்கு உப்புக்கு உண்டு. அறுத்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழப் பாதிவரை உப்பிடுகிறார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலையே அந்த உப்புத்தோலை ஊறவைத்து அலசுவது. அந்த நீர் ஓடைக்கும், ஓடையிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து கிணற்றுக்கும் போனது. நெல்லும் கரும்பும் தாங்காத இடத்தில் தென்னை நின்றது. பின்னர் தென்னையும் குரும்பை உதிர்த்தது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது.

இன்று வேலூர் மக்கள் குடிப்பதில் மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரும் கலந்திருக்கிறது. ஆற்றங்கரை நகரம் ஒன்று வேறோர் ஆற்றின் நீருக்குக் குழாய் போட வேண்டி வந்ததன் செலவு எந்தத் தோலின் விலையிலும் சேர்க்கப்படவில்லை. அந்தச் செலவைப் பொதுமக்களின் வரிப்பணம் சுமந்தது.

3. நீதிமன்றத்துக்குப் போன ஊர்

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இன்று நாட்டின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் பாடம். கேடு வரும் என்று அஞ்ச நியாயம் இருந்தால் அறிவியல் உறுதிக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும்; மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும். இவ்விரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. உலகம் மேற்கோள் காட்டும் ஒரு தீர்ப்பு நம் ஊர்க் கிணற்றிலிருந்து கிளம்பியது என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். கிணறு என்ன ஆனது என்றும் நாம் கேட்க வேண்டும்.

தீர்ப்பின்படி ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கரைந்த உப்பின் அளவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருந்த வரம்பு செல்லும் என்று நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பைக் கணக்கிட, நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. 2001இல் அது தந்த முடிவு: பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், அவர்களுக்குரிய இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். அதைத் தர வேண்டியவை ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோல் ஷாப்கள்.

இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,200 ரூபாய் வருகிறது. கணக்கில் எடுத்த காலம் 1991 முதல் 1998 வரை. ஏழாண்டு விளைச்சலுக்கும், கெட்ட கிணற்றுக்கும், விற்க முடியாமல் போன நிலத்துக்கும் சேர்த்து வந்த தொகை அது. ஆணையத்தின் உழைப்பை நான் குறை கூறவில்லை. ஊர் ஊராகப் போய் இழப்பை எழுதியது சிறிய காரியமல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் நட்டம் என்னும் பத்தி முதன்முதலாக எழுதப்பட்டது அப்போதுதான். ஆனால் ஒருமுறை எழுதிய கணக்கு அது. அதன்பின் ஆண்டுதோறும் கிணறுகள் எப்படி இருந்தன என்று எழுத ஆளில்லை. 1998க்குப் பிறகும் நிலம் உப்பாகவே இருந்தவர் மறுபடி மனு எழுத வேண்டியிருந்தது.

4. முதலாளிகளின் கூட்டு

நீதிமன்ற நெருக்கடியில் தோல் முதலாளிகளும் கூடினார்கள். சின்னத் தோல் ஷாப் ஒன்றால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஊருக்கு ஊர் நிறுவனம் பதிவு செய்து, உறுப்பினர் பங்குப் பணம் போட்டு, மத்திய மாநில அரசுகளின் மானியமும் வங்கிக் கடனும் பெற்றுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. இராணிடெக், விஷ்டெக், ஆம்பூர்டெக், வாணிடெக், பெர்டெக் என்ற பெயர்கள் இங்கே எல்லாருக்கும் தெரிந்தவை. போட்டியாளர்கள் குழாயைப் பங்கிட்டு, கட்டணத்தைப் பங்கிட்டு, ஒருவர் தவறினால் மற்றவர் தட்டிக்கேட்கும் ஏற்பாடு இது. கூட்டு முயற்சிக்கு இந்தியாவிலேயே முன்னோடி என்று இதைச் சொல்லலாம். சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குத் தொழில்நுட்பத் துணையாக நின்றது. குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையையும், உப்பையும் நீரையும் குறைக்கும் முறைகளையும் கொடுத்தது.

முதல் தலைமுறை நிலையங்கள் என்ன செய்தன? கரிமக் கழிவைக் குறைத்தன, குரோமியத்தைப் பிரித்தன, நாற்றம் தணிந்தது. உப்பு மட்டும் அப்படியே வெளியே போனது. நீரில் கரைந்த உப்பை நுண்ணுயிரால் தின்ன முடியாது. வாரியத்தின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அதை அந்த நிலையங்களால் எட்ட முடியவில்லை. விவசாயியின் கிணற்றைக் கெடுத்த பொருளே கடைசியாகக் கவனிக்கப்பட்டது. நிலையத்தின் இயக்குநர் குழுவில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தால், முதல் கூட்டத்திலேயே அவர் உப்பைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

பின்னர் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் பொருத்தப்பட்டன. நீரில் பெரும்பங்கு தோல் ஷாப்புக்கே திரும்புகிறது. மின்கட்டணம் ஏறியது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு கொட்டகைகளில் குவிகிறது, அதை வாங்குவாரில்லை. உப்பு ஆற்றிலிருந்து கொட்டகைக்கு மாறியிருக்கிறது. கொட்டகையில் எத்தனை டன் என்பது பக்கத்து ஊருக்குத் தெரியாது.

தெரியாமையின் விலையை 2015 ஜனவரி 31 அதிகாலையில் பார்த்தோம். இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கசடில் மூழ்கி இறந்தனர். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி நிரம்பியிருந்தது என்பதை அறியும் உரிமை யாருக்கு முதலில் இருந்திருக்க வேண்டும்? சுவரோரம் தூங்கியவர்களுக்கு. அதே இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு இன்னொரு பாடம். முதலாளி போய்விட்டால் கழிவு ஊர்ச்சொத்தாகிவிடுகிறது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் இராணிப்பேட்டையைச் சேர்த்தது.

5. ஒரே மேசையில்

2002இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் ஒரு முயற்சி எடுத்தார். பாலாற்று வடிநிலத்தில் கிணறு கிணறாக ஆய்வு செய்தவர் அவர். வழக்கு ஒருபுறம் நடக்க, விவசாயிகள், தோல் முதலாளிகள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள், தொண்டு நிறுவனத்தார் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். பல தரப்பு உரையாடல் என்று அதற்குப் பெயர். அதுவரை நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் அங்கே ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்டார்கள்.

அது ஏன் நிலையான அமைப்பாக வளரவில்லை? அந்த மேசைக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. சொந்த நிதி கிடையாது. விவசாயி கொண்டுவந்த அளவை முதலாளி நம்பத் தேவையில்லை; முதலாளி கொண்டுவந்த அளவை விவசாயி நம்பத் தேவையில்லை. இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பேச்சை எத்தனை நாள் நடத்த முடியும்? முதல் தீர்மானமாக, அளவை இனி இருவரும் சேர்ந்தே எடுப்போம் என்று எழுதியிருந்தால் அந்த உரையாடலின் போக்கு மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

6. நாகநதி சொல்வதும் சொல்லாததும்

வெற்றிக் கதை வேண்டுவோர் கணியம்பாடிப் பக்கம் போகலாம். ஜவ்வாது மலைச் சரிவிலிருந்து வரும் நாகநதி, பாலாற்று வடிநிலத்தின் சிற்றாறு. பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தது. 2014 முதல் வாழும் கலை அமைப்பின் முன்னெடுப்பில், சந்திரசேகரன் குப்பனின் வழிகாட்டலில், நூறுநாள் வேலைத் திட்டப் பெண்கள் ஆற்றுப்படுகையிலும் மலையடிவாரத்திலும் உறைகிணறுகள் இறக்கினார்கள். ஓடைகளில் கல் தடுப்புகள் கட்டினார்கள். ஓடிப்போகும் மழைநீரைத் தடுத்து நிலத்துக்குள் இறக்குவதுதான் உத்தி. இருபதாயிரம் பெண்கள் பங்கேற்றதாக அமைப்பு சொல்கிறது. கிணறுகளில் நீர் ஏறியது. 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இந்தப் பெண்களைக் குறிப்பிட்டார்.

இந்தக் கூட்டு ஏன் நிலைத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சட்டப்படி கூலி இருந்தது. திட்டம் வரைய நிபுணர் இருந்தார். ஊராட்சி உடனிருந்தது. பலனை வேலை செய்தவரே தம் ஊர்க் கிணற்றில் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாகநதியில் நீர் ஊறினால் நட்டப்படுவோர் யாருமில்லை. 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின் கிராம வனக் குழுக்களுக்கும் ஓரளவு இதே வசதி இருந்தது. காடு செழித்தால் வனத்துறைக்கும் பயன், மலையடி ஊருக்கும் பயன்.

பாலாற்றங்கரையில் அந்த வசதி இல்லை. இங்கே ஒருவரின் மிச்சம் இன்னொருவரின் செலவு. நாகநதி முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உப்பு நிலத்தில் உறைகிணறு இறக்குவதிலும் ஆபத்து உண்டு. தூய மழைநீர் இறங்கினால் உப்பு நீர்த்துப்போகும். மேலே ஓடுவது சாக்கடையோ கழிவோ என்றால், மண் வடிகட்டித் தாமதப்படுத்தும் நஞ்சை நாமே குழாய் வழியே அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். எந்த ஓடை தூயது, எது அல்ல என்று சொல்ல அளவு வேண்டும். மறுபடி பேரேட்டுக்கே வந்து நிற்கிறோம்.

7. பிறர் செய்தது

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், அர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே என்றொரு தோல் ஊர். நம் ஆம்பூருக்கு ஒப்பு. அங்கே பல தோல் ஆலைகள் சேர்ந்து 1981இல் குரோமிய மீட்புக் கூட்டமைப்பு அமைத்தன. பயன்படுத்திய குரோம் நீரைச் சேகரித்து, குரோமியத்தைப் பிரித்து ஆலைகளுக்கே திருப்பித் தந்தன. அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நகரச் சாக்கடையையும் சேர்த்தே சுத்திகரிக்கிறது. ஆலையும் நகராட்சியும் ஒரே குழாயில் பங்காளிகள். அப்படிப்பட்ட ஊரிலேயே, தோல் கசடிலிருந்து வந்த சாம்பல் சாலை போடும் பொருளோடு கலந்து புதைக்கப்பட்டது என்ற விசாரணை 2021இல் வெளிவந்து நாட்டையே அதிரவைத்தது. தொழில்நுட்பமும் கூட்டமைப்பும் இருந்தும், கசடு எங்கே போகிறது என்ற வரியை ஊர் படிக்கவில்லை.

பிரான்சு வேறு பாதையில் போனது. 1964இல் ஒரு சட்டம் இயற்றி நாட்டை ஆறு வடிநிலங்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அதை நீர் நாடாளுமன்றம் என்று அழைப்பதுண்டு. நகராட்சிகள், ஆலைகள், விவசாயிகள், மீன்பிடிப்போர், அரசு அனைவருக்கும் அதில் இருக்கை. நீர் எடுப்பவரும் மாசு செய்பவரும் கட்டணம் கட்டுவர். அந்தப் பணம் அதே வடிநிலத்துக்குச் செலவாகும். கட்டணத்தைக் குழு ஒப்ப வேண்டும். அங்கும் குறை உண்டு. விவசாயிகள் செலுத்திய பங்கு மிகக் குறைவு, உரத்தின் நைட்ரேட் குறையவில்லை என்று நீண்ட காலக் குற்றச்சாட்டு. ஆனால் யார் எவ்வளவு கட்டினார் என்பது எல்லாருக்கும் தெரிவதால்தான் அந்தக் குற்றச்சாட்டே எழ முடிந்தது.

8. பேரேட்டின் பத்திகள்

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி நம் பக்கம் திரும்பியது. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காமல் விடுபட்டவர்களுக்கு அரசே ஆறு வாரத்தில் தர வேண்டும். பின்னர் மாசு செய்தவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைய வேண்டும். அதில் அதிகாரிகளோடும் நிபுணர்களோடும் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். 1991இல் தொடங்கிய வழக்குக்கு முப்பத்து நான்காம் ஆண்டில் வந்த உத்தரவு இது. 2002 மேசைக்கு இல்லாத சட்ட வலு இப்போது ஒரு குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வலுவைப் பயன்படுத்தி நிரந்தரமாக ஒரு பொதுப் பேரேட்டைத் தொடங்க வேண்டும் என்று இந்த அவையில் முன்மொழிகிறேன்.

முதல் பத்தி கிணறு. ஊராட்சிதோறும் சில கிணறுகளைக் குறித்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்க வேண்டும். உப்பு அளக்கும் கைக்கருவி மலிவானது. ஒரு கல்லூரி மாணவியால் ஒரே நாளில் கற்க முடியும். குரோமியத்துக்கு ஆய்வகம் வேண்டும். அதற்கு இங்குள்ள கல்லூரிகள் போதும். நீரை முகக்கும்போது விவசாயியும் தோல் சங்கத்தவரும் உடனிருந்து இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணை மறுநாள் யாரும் மறுக்க முடியாது.

இரண்டாம் பத்தி நிலையம். எவ்வளவு கழிவுநீர் வந்தது, எவ்வளவு திரும்பியது, கொட்டகையில் உப்பு எத்தனை டன், கசடு எத்தனை டன், எங்கே போனது என்பவை வாசல் பலகையில் தமிழில் இருக்க வேண்டும். மூன்றாம் பத்தி எடுப்பு. தோல் ஷாப்பின் ஆழ்குழாய், டேங்கர் லாரிக்கு நீர் விற்கும் விவசாயக் கிணறு, நகராட்சியின் குடிநீர்க் கிணறு மூன்றுக்கும் மீட்டர். நான்காம் பத்தி பணம். தொழில் தரும் கட்டணமும் அரசின் பங்கும் ஒரே நிதியில் சேர்ந்து, வடிநிலக் குழுவின் ஒப்புதலோடு அதே ஊர்களில் செலவாக வேண்டும்.

குழுவின் எல்லை ஆற்றின் எல்லையாக இருக்க வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, இராணிப்பேட்டை தனியானது. கழிவு ஒரு மாவட்டத்திலும் கிணறு இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால் மனு யாரிடம் போகும்? கீழ்ப்பாலாற்றில் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் இதே மணலில்தான் நீர் எடுக்கின்றன. அவர்களுக்கும் இருக்கை வேண்டும். தோல் தொழிலாளிக்கும் வேண்டும். நிலமற்ற குடும்பத்துக்கும் வேண்டும். குடிமராமத்து விட்ட தவறைப் பேரேடும் செய்யலாகாது.

எதிர்வாதங்களை அறிவேன். “நகராட்சிச் சாக்கடை ஆற்றில் விழுகிறதே, எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?” என்கிறார்கள் தோல் முதலாளிகள். நியாயமான கேள்வி. ஆந்திரத்தின் தடுப்பணைகளும் மணல் கொள்ளையும் ஆற்றை வற்றச் செய்ததும் உண்மை. அவற்றையும் எழுதத்தான் பேரேடு. நகராட்சியின் பங்கு இவ்வளவு என்று எண் தெரிந்தால் முதலாளிக்குத்தான் முதல் நன்மை. தோல் எங்கே எப்படிப் பதனிடப்பட்டது என்று சான்று கேட்கும் வெளிநாட்டு வாங்குவோரிடம், விவசாயியின் கையெழுத்தோடு கூடிய கிணற்றுக் கணக்கைவிட வலுவான சான்று எது? “அளந்துகொண்டே இருந்தால் இழப்பீடு எப்போது?” என்கிறார்கள் விவசாயிகள். இழப்பீடு கடன், அது உடனே தீர்க்கப்பட வேண்டும். ஆனால் அளவு இல்லாததால்தான் 1998க்குப் பிந்திய நட்டத்துக்கு நீங்கள் இவ்வளவு காலம் வாதாட வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அடுத்த மார்ச்சில் தொடங்கலாம். பாலாற்றங்கரை ஊராட்சி ஒவ்வொன்றும் தன் கிணறுகளின் உப்பு அளவை அந்தச் சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். பக்கத்துத் தோல் ஷாப் சங்கத்தாரையும் முறைப்படி கடிதம் எழுதி அழைக்கட்டும். வந்தால் இருவர் கையெழுத்தோடு முதல் பக்கம் நிரம்பும். வராவிட்டால், அழைத்தோம், வரவில்லை என்ற வரி அதே பக்கத்தில் ஏறும். இரண்டில் எது நடந்தாலும், நீதிமன்றக் குழுவின் முன் ஊர் வைக்கும் சான்றாக அந்தப் பக்கம் நிற்கும்.